திக்கும் நாவும் பிளவுண்ட விருப்பமும்

சொல்ல வேண்டிய சொல் எது என்பதில் ஐயமில்லை. அதைச் சொல்லும் விருப்பத்திலும் குறைவில்லை. ஒலியைப் பிறப்பிக்கும் நாவும் இதழும் மிடறும் நோயின்றி நலமாகவே இருக்கின்றன. ஆயினும் அச்சொல் வெளிவராமல் நின்றுவிடுகிறது. திக்குவாய் எனப்படும் நிலையின் புதிர் முழுவதும் இந்த முரணில்தான் அடங்கியிருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 1977ஆம் ஆண்டு தந்த வரையறையும், பேசுபவர் தாம் சொல்ல விரும்புவதைத் துல்லியமாக அறிந்திருந்தும் அந்த நேரத்தில் அதைச் சொல்ல இயலாதவராக இருக்கிறார் என்பதையே மையமாகக் கொண்டது. திக்கல் மூன்று வடிவங்களில் வெளிப்படும். ஓர் அசையைத் திரும்பத் திரும்பச் சொல்வது முதலாவது; 'ப-ப-ப-பழனி' என்பது போல. ஓர் ஒலியிலேயே நின்று அதை நீட்டுவது இரண்டாவது. 'ம்ம்ம்மதுரை' என்பது போல. வாய் சொல்லுக்குரிய நிலையை எடுத்துக்கொண்ட பிறகும் ஒலியே எழாமல் காற்று மிடற்றில் அடைத்துக்கொள்வது மூன்றாவது. வயது வந்தோர் பெரிதும் அஞ்சுவது இதைத்தான்.

இந்நிலை பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் தோன்றுகிறது. இவ்வாறு திக்கத் தொடங்கும் குழந்தைகளுள் பெரும்பான்மையோருக்கு அது தானாகவே மறைந்துவிட, வளர்ந்த பின்னும் திக்குவோர் மக்கள்தொகையில் ஏறத்தாழ 1 விழுக்காட்டினர் எனவும், அவர்களுள் ஆண்கள் பெண்களைப் போல நான்கு மடங்கினர் எனவும் பொதுவாக மதிப்பிடப்படுகிறது. மரபணுவுக்கு இதில் பங்குண்டு என்பதை 2010ஆம் ஆண்டு பாகிஸ்தானியக் குடும்பங்களை ஆராய்ந்து அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனங்களின் ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு உறுதிப்படுத்தியது. எனினும் உடற்கூற்றைக் கொண்டு மட்டும் விளக்கிவிட முடியாத செய்திகள் சில உண்டு. திக்குபவர் பாடும்போது பொதுவாகத் திக்குவதில்லை. பிறரோடு சேர்ந்து ஒரே குரலில் ஒன்றைப் படிக்கும்போது பெரும்பாலும் திக்குவதில்லை. கேட்பார் எவருமில்லை என்று உறுதியாக நம்பித் தமக்குத்தாமே பேசும்போது திக்கல் ஏறக்குறைய முற்றிலும் மறைந்துவிடுவதை நியூயார்க் பல்கலைக்கழகத்தின் எரிக் ஜாக்சனும் உடனாய்வாளர்களும் 2021ஆம் ஆண்டு காட்டினர். ஒரு நிமிடம் முன்பு தனியறையில் தடையின்றி ஒலித்த அதே சொல், கதவைத் திறந்து ஒருவர் உள்ளே வந்தவுடன் அடைபட்டு நிற்கிறது என்றால், இவரால் அச்சொல்லைச் சொல்ல இயலும் என்பதா, இயலாது என்பதா? முடம் என்றும் சொல்ல இயலாத, மனமின்மை என்றும் சொல்ல இயலாத இந்த இடைநிலை, மனித விருப்பத்துக்கும் செயலுக்கும் இடையே உள்ள உறவைப் பற்றி மெய்யியலும் சமயமும் நெடுங்காலமாக எழுப்பிவரும் கேள்வியைப் பேச்சுச் சிகிச்சையறைக்குள் கொண்டுவந்துவிடுகிறது.

அக்கேள்வியை மிகக் கூர்மையாகக் கேட்டவர் வட ஆப்பிரிக்காவின் கிறித்தவச் சிந்தனையாளர் அகுஸ்தீன். நான்காம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் எழுதத் தொடங்கிய 'கன்ஃபெஷன்ஸ்' என்னும் நூலின் எட்டாம் பகுதியில் அவர் ஒரு விந்தையைச் சுட்டுகிறார். மனம் உடலுக்கு ஆணையிடுகிறது, உடல் உடனே பணிகிறது. கை அசைய வேண்டும் என்று மனம் நினைத்ததும் கை அசைந்துவிடுவதால் ஆணை எது, பணிதல் எது என்று பிரித்துப் பார்ப்பதுகூடக் கடினம். ஆனால் அதே மனம் தனக்கே ஆணையிட்டுக்கொள்ளும்போது மட்டும் எதிர்ப்பைச் சந்திக்கிறது. தன்னினும் வேறான உடல் கீழ்ப்படிய, தானேயான மனம் கீழ்ப்படியாதது ஏன் என்று வினவும் அவர், விருப்பம் முழுமையாக இல்லை, பாதி விரும்பிப் பாதி விரும்பாமல் பிளவுபட்டிருக்கிறது, ஆதலால் ஆணையும் அரைகுறையாகவே பிறக்கிறது என்று விடை காண்கிறார்.

திக்குவாய் உள்ள ஒருவர் இந்தப் பகுதியைப் படித்தால் முதல் பாதியிலேயே நின்றுவிடுவார். மனம் ஆணையிட்டால் உடல் உடனே பணிகிறது என்பது அவருடைய அனுபவத்துக்கு ஒவ்வாது; கை பணியலாம், நா பணிவதில்லை. இவ்வளவு நுட்பமாகத் தன்னை ஆராய்ந்த அகுஸ்தீன் இதை எண்ணிப் பார்க்காமல் விட்டது சற்றே வியப்புக்குரியது. ஏனெனில் அவர் மிலான் நகரில் சொற்கலை கற்பிக்கும் ஆசிரியராக இருந்தவர். பேச்சே பிழைப்பாக இருந்த அவருக்கு 386ஆம் ஆண்டுக் கோடையில் நெஞ்சு நலிந்து, மூச்சுவிடுவதும் குரலெடுத்து நீளப் பேசுவதும் துன்பமாக, ஏற்கெனவே துறக்க எண்ணியிருந்த அத்தொழிலை விடுவதற்கு அதையும் ஒரு காரணமாக அவர் கொண்டார். ஆனால் இரண்டாம் பாதியில் அவர் சொல்லும் பிளவுண்ட விருப்பம், அவருக்குப் பின் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்துப் பேச்சுச் சிகிச்சையின் ஒரு பெரும் கோட்பாடாகவே மீண்டும் தோன்றியது. அங்குச் செல்லுமுன், விருப்பத்தை வேறுவிதமாகப் பயன்படுத்த முயன்ற மற்றொரு சிகிச்சை நெறியைப் பார்க்க வேண்டும்.

வயது வந்த திக்குவாயர்க்கான முறைகள் பலவாயினும் அவற்றை இரு பெரும் நெறிகளாகப் பகுப்பது வழக்கம். முதலாவது, பேச்சைச் சரளமாக வடித்தெடுக்கும் நெறி. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்து ரோனோக் நகரில் ரொனால்டு வெப்ஸ்டர் 1972ஆம் ஆண்டு நிறுவிய ஹாலின்ஸ் ஆய்வு நிறுவனத்தின் பயிற்சி இதன் தெளிவான எடுத்துக்காட்டு. பேச்சை அதன் மிகச் சிறு அசைவுகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் புதிதாகக் கற்றுக்கொண்டால் திக்கலுக்கு இடமே இராது என்பது இந்நெறியின் நம்பிக்கை. தொடக்க நிலையில் ஓர் அசையை ஏறத்தாழ இரண்டு விநாடி நீட்டிச் சொல்ல வேண்டும். 'வணக்கம்' என்ற சொல்லை வ, ணக், கம் என மூன்றசையாக நீட்டினால் அதற்கே ஆறு விநாடி செல்லும். பேசுமுன் வயிறு விரிய மூச்சை உள்வாங்க வேண்டும். 'அருண்', 'இளங்கோ' போன்று உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லாயின் குரல்நாண்களைச் சட்டென்று இறுக்கி மோதவிடாமல், காதுக்கு எட்டாத அளவு மெல்லிய ஒலியாகத் தொடங்கிப் படிப்படியாக உரக்கவிட வேண்டும். இதற்கு மென்தொடக்கம் என்று பெயரிடலாம். பகரத்துக்கும் மகரத்துக்கும் இதழ்கள் அழுந்தாமல் தொட்டும் தொடாமலும் கூட வேண்டும். இவ்வாறு சில வாரங்கள் நாள் முழுவதும் பயின்ற பின் நீட்டம் மெல்ல மெல்லக் குறைக்கப்பட்டு, இயல்பான வேகத்துக்கு அருகில் பேச்சு கொண்டுவரப்படும். ஆஸ்திரேலியாவில் வகுக்கப்பட்ட கேம்பர்டவுன் முறையும் நீட்டிப் பேசுதலையே அடிப்படையாகக் கொண்டதாயினும், தனித்தனி அசைவுகளைக் கற்பிக்காமல், பதிவுசெய்த மாதிரிப் பேச்சு ஒன்றைக் கேட்டு அதைப் பின்பற்றச் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறது.

தமிழ் இலக்கண மரபை அறிந்தவர்க்கு இப்பயிற்சியின் நோக்கு முற்றிலும் புதிதாகத் தோன்றாது. உந்தியிலிருந்து எழும் காற்று நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு பொருந்தி எழுத்தொலியாகப் பிறக்கும் முறையைத் தொல்காப்பியத்தின் பிறப்பியல் உறுப்பு உறுப்பாக விளக்குகிறது. ஆனால் அவ்விளக்கம் பேச்சு எவ்வாறு நிகழ்கிறது என்று காண்பவருக்கு உரியது. பேசிக்கொண்டிருப்பவர் எட்டு இடங்களையும் எண்ணிக்கொண்டே பேச வேண்டும் என்று எந்த இலக்கணமும் விதிக்கவில்லை. சரள நெறி விதிப்பது ஏறக்குறைய அதைத்தான். பேச்சில் தானாக நடந்துகொண்டிருந்த ஒவ்வொன்றையும் அது விருப்பத்தின் கட்டளைக்குக் கீழ்க் கொண்டுவருகிறது. விருப்பம் நாவின் மேல் முழுநேரக் காவலாளாக அமர்த்தப்படுகிறது.

பயன் இல்லாமல் இல்லை. பயிற்சி முடித்து வெளிவருவோர் பலர், தம் வாழ்நாளில் முதன்முறையாக ஒரு தொலைபேசி அழைப்பைத் திக்காமல் பேசி முடிக்கின்றனர். அந்த மகிழ்ச்சியைப் புறத்திலிருந்து எடைபோட்டுக் குறைத்துச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் நாளடைவில் அவர்கள் கூறும் குறைகள் இரண்டு. ஒன்று, கவனம் தளர்ந்தவுடன் திக்கல் திரும்பிவிடுகிறது. களைப்பிலும் சினத்திலும் அவசரத்திலும், அதாவது பேச்சு மிகவும் தேவைப்படும் நேரங்களில், காவலாள் உறங்கிவிடுகிறான். மற்றொன்று, அவ்வாறு பேசும் குரல் தமது குரலாகத் தோன்றவில்லை. இதைக் கேட்போரும் உணர்வதுண்டு. திக்கலற்ற அப்பேச்சு இயல்பற்றதாக ஒலிக்கிறது என்று அவர்கள் மதிப்பிடுவதைக் கண்ட ஆய்வாளர்கள், பேச்சின் இயல்புத்தன்மையை அளக்கவே 1984ஆம் ஆண்டில் தனியே ஓர் ஒன்பது புள்ளி அளவுகோலை உருவாக்க வேண்டியதாயிற்று.

மைக்கேல் போலன்யி 1958ஆம் ஆண்டு வெளியிட்ட 'பெர்சனல் நாலெட்ஜ்' என்னும் நூலில், பியானோ வாசிப்பவர் தாம் வாசிக்கும் இசையிலிருந்து கவனத்தைத் திருப்பித் தம் விரல்கள் செய்வதன் மேல் வைத்தால் தடுமாறி, வாசிப்பையே நிறுத்த நேரிடலாம் என்பதை எடுத்துக்காட்டி, கருவியாக நிற்பவற்றை நாம் அவற்றின் ஊடாக அறிகிறோமேயன்றி அவற்றையே இலக்காகக் கொண்டு அறிவதில்லை என்று விளக்கினார். பேச்சில் இலக்கு பேசப்படும் பொருள், எதிரில் இருப்பவர், அவரிடம் சேர வேண்டிய செய்தி. நாவையும் மூச்சையும் இலக்காக்கிக்கொண்டவருக்குச் செய்தி கருவியின் இடத்துக்கு இறங்கிவிடுகிறது. திக்கும்போதும் இதே தலைகீழ் மாற்றம்தான் நிகழ்ந்தது. இனி வரவிருக்கும் வாக்கியத்தில் எந்தச் சொல் அடைக்கும் என்று முன்கூட்டியே தேடிக்கொண்டிருந்த மனம், இப்போது எந்த அசையை எவ்வளவு நீட்டுவது என்று தேடிக்கொண்டிருக்கிறது. நோயும் மருந்தும் இந்த ஓரிடத்தில் ஒரே வேலையைச் செய்கின்றன என்பது சரள நெறியை முற்றாக மறுக்கும் வாதம் ஆகாது. ஆனால் அது விலையின்றிக் கிடைப்பதன்று என்பதைக் காட்டப் போதும்.

இரண்டாம் நெறி எதிர்த்திசையிலிருந்து வருகிறது. மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில் 1936ஆம் ஆண்டு பேச்சுச் சிகிச்சையகத்தைத் தொடங்கிய சார்லஸ் வான் ரைப்பர் (1905-1994) கடுமையாகத் திக்கியவர். இளமையில் ஒரு பண்ணையில் வேலை செய்தபோது, பேசாதிருப்பதற்காகக் காது கேளாத ஊமையைப் போல நடித்ததாக அவரே கூறியிருக்கிறார். பின்னர் வழியில் தம்மை வண்டியில் ஏற்றிக்கொண்ட முதியவர் ஒருவரும் திக்குபவராக இருந்ததையும், தம்மோடு தாமே போராட இனி வலுவில்லை என்பதால் சொற்களை வந்தபடி கசியவிடுகிறேன் என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னதையும், அதுவே தம் சிகிச்சைக்கு வித்தாக அமைந்ததையும் வான் ரைப்பர் நினைவுகூர்ந்துள்ளார். திக்காமல் பேசக் கற்பதை விட்டுவிட்டு, எளிதாகத் திக்கக் கற்பதே அவர் கண்ட வழி.

அவரது முறையின் உறுப்புகள் மூன்று. 'மதுரை' என்ற சொல்லில் ஒருவர் அடைபட்டு, ஒருவாறு அதைச் சொல்லி முடித்ததும், வாக்கியத்தைத் தொடராமல் அங்கேயே நிறுத்த வேண்டும். சில விநாடி அமைதியாக இருந்து, இதழ் எவ்வாறு இறுகியது, மூச்சு எங்கே நின்றது என்று உணர்ந்து, அதே சொல்லை இம்முறை இறுக்கம் தளர்த்திய, மெதுவான திக்கலோடு மீண்டும் சொல்ல வேண்டும். இது நீக்கல் எனப்படும். இது பழகியபின், அடைப்பு நிகழ்ந்துகொண்டிருக்கும்போதே, சொல் முடியுமுன், இறுக்கத்தைத் தளர்த்தி வெளியேறப் பழகுவது விலகல். அதன் பின்னரே, அஞ்சப்படும் சொல் வருவதற்கு முன் வாயைத் தளர்ந்த நிலையில் அமைத்துக்கொள்ளும் முன்னமைப்பு. வரிசையைக் கவனிக்க வேண்டும். சொல்லுக்குப் பின், சொல்லுக்குள், சொல்லுக்கு முன் எனப் பயிற்சி பின்னிருந்து முன்னோக்கி நகர்கிறது. தோற்று முடிந்த இடத்தில்தான் முதற்பாடம் தொடங்குகிறது. இவற்றுக்கெல்லாம் அடித்தளமாக இருப்பது வேண்டுமென்றே திக்குதல். பயணச்சீட்டுச் சாளரத்தின் முன், பின்னால் வரிசை நீண்டு நிற்க, திக்காமல் சொல்லிவிடக்கூடிய ஊர்ப்பெயரையும் 'ப-ப-ப-பழனி' என்று, சீட்டு கொடுப்பவரின் கண்ணைப் பார்த்துக்கொண்டே சொல்ல வேண்டும். கடை, தொலைபேசி, அந்நியர் என்று அச்சம் எங்கெல்லாம் குடியிருக்கிறதோ அங்கெல்லாம் இது செய்யப்பட வேண்டும்.

நிகழ்வு ஒன்றைச் செயலாக மாற்றுவதே இப்பயிற்சி தரும் மெய்யியல் விந்தை. திக்கல் அதுவரை அவருக்கு நேர்ந்துகொண்டிருந்த ஒன்று. இப்போது அவர் செய்யும் ஒன்று. காதுக்கு இரண்டும் ஒரே ஒலிதான். ஆயினும் முன்னதில் இல்லாத கர்த்தா பின்னதில் இருக்கிறார். விருப்பம் இங்கு நாவின் மேல் காவலிருக்கவில்லை. தான் அஞ்சி ஓடிய இடத்துக்குத் தானே நடந்து செல்கிறது.

இதற்கு ஒரு முழுக் கோட்பாட்டை வகுத்தவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் பணியாற்றிய ஜோசப் ஷீஹன் (1918-1983), இவரும் திக்கியவரே. ஒன்றை அணுகும் உந்துதலும் அதைத் தவிர்க்கும் உந்துதலும் சமவலிமையில் மோதும்போது உயிரி ஓரிடத்தில் நின்று ஊசலாடும் என்ற உளவியல் கருத்தைக் கொண்டு, திக்குபவர் பேசவும் விரும்புகிறார், பேசாதிருக்கவும் விரும்புகிறார், அடைப்பு என்பது அவ்விரண்டின் முட்டுக்கட்டை என்று 1953ஆம் ஆண்டு அவர் எழுதினார். திக்கலின் பெரும்பகுதி, வெட்கமும் குற்றவுணர்வும் மறைத்தலும் ஆகிய பகுதி, கடலில் மிதக்கும் பனிப்பாறை போலக் கண்ணுக்குப் புலப்படாமல் கீழே இருக்கிறது என்பதும் அவர் கூறியதே. அகுஸ்தீனின் பெயரை நினைக்காமல் இதைப் படிப்பது கடினம். பாதி விரும்பிப் பாதி விரும்பாத அந்த விருப்பம்தான் இங்கே மிடற்றில் நின்று கொண்டிருக்கிறது.

ஆயினும் ஷீஹனின் கோட்பாட்டை அப்படியே ஏற்க முடியாது. மூன்று வயதுக் குழந்தை, வெட்கம் இன்னதென்று அறியுமுன்பே, பேசாதிருக்க எந்தக் காரணமும் இல்லாதபோதே திக்கத் தொடங்குகிறது. அதன் விருப்பத்தில் பிளவு இருந்ததாகக் கொள்ள இடமில்லை. மரபணு ஆய்வுகளும் அதையே வலியுறுத்துகின்றன. ஆகவே வளர்ந்தவரின் திக்கலில் இரண்டு அடுக்குகளைப் பிரித்தறிவதே நேர்மையானது என்று தோன்றுகிறது. முதலாவது, எவருடைய விருப்பத்தாலும் வராத, எவருடைய மன உறுதியாலும் நீங்காத, உடலில் உறைந்த ஒரு முறிவு. இரண்டாவது, பல்லாண்டுகளாகப் பிறர் முகங்களைப் பார்த்துப் பார்த்து அதன் மேல் படிந்த பிளவுண்ட விருப்பம். மன உறுதி இருந்தால் திக்காமல் பேசலாம் என்று அறிவுரை கூறுவோர் முதலடுக்கை அறியாதவர்கள். மரபணு என்று தெரிந்துவிட்டதால் சிகிச்சையால் பயனில்லை என்போர் இரண்டாமடுக்கை அறியாதவர்கள். வேண்டுமென்றே திக்குதல் ஏன் உதவுகிறது என்பதற்கும் விடை இதில் கிடைக்கிறது. அது முறிவைத் தொடுவதேயில்லை. பிளவை மட்டும் தொடுகிறது.

பிளவு என்ன செய்கிறது என்பதைக் காண அடைப்பைப் பார்க்க வேண்டியதில்லை. அடைப்பு நிகழாத இடங்களைப் பார்க்க வேண்டும். மறைத்துத் திக்குபவர் என்று சிகிச்சையாளர்கள் அழைக்கும் ஒருவகையினர், தம் வாழ்நாள் முழுவதும் பிறர் எவரும் அறியாதபடி திக்கலை ஒளித்துவைக்கின்றனர். காபி வேண்டியிருக்கும், ககரம் அடைக்கும் என்று தெரியும், ஆகவே டீ கேட்பார்கள். விடை தெரிந்திருக்கும், வகுப்பில் தெரியாது என்பார்கள். இவ்வாறு ஒரு சொல்லுக்கு மாற்றாக மற்றொன்றை இடுவதில் அவர்கள் அடையும் தேர்ச்சி வியக்கத்தக்கது. ஆனால் மாற்றே இல்லாத சொல் ஒன்று உண்டு. அது அவரவர் பெயர். திக்குபவர் பலருக்குச் சொல்வதற்கு மிகக் கடினமான சொல் தம் பெயராக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதையும் மாற்றி வேறொரு பெயரைச் சொல்லிவிட்டு வருவோரும் உண்டு.

இதைப் பொய் எனலாமா? பிறர்க்குத் தீங்கு பயவாத சொல்லையே வாய்மை என்று வள்ளுவர் வகுத்த அளவுகோலால் அளந்தால், டீ கேட்டவர் எவருக்கும் தீங்கு செய்யவில்லை. ஆனால் அதே அதிகாரத்தில், நெஞ்சறிந்து பொய்ப்பவரை அந்த நெஞ்சே வருத்தும் என்ற கருத்தும் உண்டு. மறைத்துத் திக்குவோர் கூறும் துன்பம் ஏறத்தாழ இதுவே. தாம் விரும்பியதைச் சொல்லாமல், சொல்ல முடிந்ததை விரும்பியதாகக் காட்டிக்கொண்டு வாழும் வாழ்வில், வெளியே ஒரு குறையும் தெரியாது. நெஞ்சு மட்டும் அறியும். இங்கே வள்ளுவரின் மற்றொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சொல்வன்மை அதிகாரம், கற்றதைப் பிறர் உணர விரித்துரைக்க மாட்டாதவரை மணமற்ற மலராகக் காண்கிறது. அது அமைச்சனுக்கு உரைத்த பொருட்பாற் செய்தியே ஆயினும், பேச்சுப் போட்டியும் மேடைப் பேச்சும் அறிவின் அடையாளங்களாகிவிட்ட தமிழ்ச் சமூகத்தில் ஒவ்வொரு பள்ளிக்கூடமும் அதை மனிதர் அனைவருக்கும் பொதுவிதியாக்கிக்கொண்டது. திக்கும் மாணவர் அக்குறளை மனப்பாடம் செய்து ஒப்பிக்க நிற்கும் நிலையை உரையாசிரியர்கள் எண்ணிப் பார்த்ததில்லை.

பேச்சுக் குறையைச் சமயங்கள் அணுகிய விதம் ஒன்றல்ல. ஐந்து வயதுவரை பேசாதிருந்த குமரகுருபரரைப் பெற்றோர் திருச்செந்தூருக்குக் கொண்டுசெல்ல, முருகன் அருளால் அவர் வாய் திறந்து கந்தர் கலிவெண்பாப் பாடியதாகத் தமிழ்ச் சைவ மரபு கூறும். அங்கே அருள் என்பது தடை முற்றாக நீங்குதல். யூத, கிறித்தவ, இசுலாமிய மரபுகள் பொதுவாகப் போற்றும் மோசேயின் வரலாறு இதனின்றும் பெரிதும் வேறுபட்டது. எகிப்தில் அடிமைப்பட்ட மக்களை மீட்கச் செல்லுமாறு இறைவன் பணிக்கும்போது, தாம் வாய் கனத்தவர், நா கனத்தவர் என்று மோசே மறுப்பதாக யாத்திராகமத்தின் நான்காம் அதிகாரம் கூறுகிறது. பதினோராம் நூற்றாண்டு யூத உரையாசிரியர் ராஷி இதைத் திக்கல் என்றே கொண்டார். இறைவன் விடையாக, மனிதனுக்கு வாயைத் தந்தவர் யார் என்று வினவுகிறார். உன் வாயோடு இருப்பேன் என்கிறார். மோசே மீண்டும் மறுக்கவே, சினந்து, அவருடைய அண்ணன் ஆரோனைத் துணைக்குத் தருகிறார். குணப்படுத்துவது மட்டும் நிகழவேயில்லை.

ஏன் நிகழவில்லை என்ற கேள்வி உரையாசிரியர்களை விடவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் நக்மானிடஸ் கூறும் காரணம் உளவியல் நோக்கில் துணுக்குறச் செய்வது: போக விருப்பமில்லாத மோசே, நாவின் கனத்தை நீக்குமாறு வேண்டிக்கொள்ளவே இல்லை, வேண்டாததால் இறைவனும் நீக்கவில்லை. குறை, போகாமலிருப்பதற்கு நல்லதொரு காரணமாக இருந்தது. ஷீஹன் இதைப் படித்திருந்தால் தம் கோட்பாட்டுக்கு மேற்கோளாகவே காட்டியிருப்பார். பதினான்காம் நூற்றாண்டில் கெரோனா நகரத்து நிஸ்ஸிம் வேறொரு காரணம் தருகிறார்: மோசே சொல்வன்மை மிக்கவராக இருந்திருந்தால், மக்கள் அவரைப் பின்பற்றியது சொன்னதன் உண்மைக்காக அல்ல, சொன்னவரின் நாவன்மைக்காக என்று பின்னோர் கருதியிருப்பர். சரளத்தை ஐயத்துக்குரியதாகக் காணும் இப்பார்வை, சொற்கலை ஆசிரியப் பணியைத் துறந்த அகுஸ்தீனுக்கும் ஏற்புடையதாகவே இருந்திருக்கும்.

குர்ஆனிலோ மூசா நபி என்று அழைக்கப்படும் மோசே வேண்டுகிறார். தா ஹா என்னும் இருபதாம் அத்தியாயத்தில், நெஞ்சை விரிவாக்குமாறும் பணியை எளிதாக்குமாறும் கேட்டபின், தம் சொல்லை மக்கள் விளங்கிக்கொள்ளும்பொருட்டு நாவிலுள்ள முடிச்சை அவிழ்க்குமாறு வேண்டி, உடன்பிறந்தவரான ஹாரூனையும் துணைக்குக் கேட்கிறார். கேட்டது வழங்கப்பட்டதாகவும் சொல்லப்படுகிறது. ஆனால் பின்னால் வரும் நாற்பத்து மூன்றாம் அத்தியாயத்தில், தெளிவாகப் பேசவும் மாட்டாதவர் என்று எகிப்திய மன்னன் ஃபிர்அவ்ன் அவரை ஏளனம் செய்கிறான். இவ்விரண்டையும் இணைக்கும் விரிவுரையாளர் இப்னு கஸீர், மூசா நபி குறை முழுவதும் நீங்க வேண்டும் என்று கேட்கவில்லை, பிறர் விளங்கிக்கொள்ளத் தேவையான அளவே கேட்டார், ஆகவே எஞ்சியது எஞ்சியிருந்தது என்று விளக்குகிறார். வயது வந்தோருக்கான சிகிச்சையின் இலக்கை இவ்வளவு சரியான அளவில் வைத்த வேண்டுதலைச் சிகிச்சைக் கைநூல்களில் காண்பது அரிது. வேண்டுதலின் முதல் உறுப்பு நா அன்று, நெஞ்சு என்பதும் கருதத்தக்கது.

இவ்வரலாற்றில் கேட்பவர்களும் இருக்கிறார்கள். பேச்சுச் சிகிச்சை நெடுங்காலம் மறந்திருந்தது அவர்களைத்தான். ஏளனம் செய்யும் ஃபிர்அவ்னும், வாயாக நின்று உதவும் ஹாரூனும் ஒரே நாவை இரு வேறு வகையில் எதிர்கொண்டவர்கள். திக்கல் பேசுபவரின் வாயில் மட்டும் இல்லை, பேசுபவருக்கும் கேட்பவருக்கும் இடையே உள்ளது என்றும், இயல்பான பேச்சின் வேகம் இன்னது என்று முன்பே முடிவு செய்துவிட்ட காதுதான் அதைக் குறையாக ஆக்குகிறது என்றும், தாமும் திக்குபவரான கனடா நாட்டு மெய்யியலாளர் ஜோஷுவா செயின்ட் பியர் வாதிடுகிறார். தனியே பேசும்போது திக்கல் மறைகிறது என்ற ஆய்வு முடிவு இவ்வாதத்துக்கு ஓரளவு வலுவூட்டுகிறது. இருப்பினும், எவரும் கேட்காதிருந்தால் மறைந்துவிடும் என்பதாலேயே கேட்பவரால்தான் வந்தது என்று முடித்துவிட முடியாது. பரிவோடு காத்திருக்கும் தாயின் முன்னும் குழந்தை திக்குகிறது. தன் வாய் அடைபட்டு மூச்சு முட்டும் அனுபவத்தைச் சமூகத்தின் காதுக்கு மட்டும் உரியதாக்கினால், அதை அனுபவிப்பவரின் சொல்லை நம்பாத பழைய தவறு புதிய உருவில் திரும்பிவிடும்.

பேச்சின் விடுதலை சரளத்தில் இல்லை, தன்னியல்பில் இருக்கிறது என்பதே இந்நெறிகளையெல்லாம் ஒப்பிட்டு நோக்குகையில் ஏற்கத்தக்கதாகத் தோன்றும் முடிவு. தன்னியல்பு என்பது, அடுத்து வரும் சொல்லைப் பற்றிய கணக்கின்றி, சொல்ல நினைத்ததைச் சொல்லும் நிலை. கிறிஸ்டபர் கான்ஸ்டன்டினோவும் உடனாய்வாளர்களும் 2020ஆம் ஆண்டில் இதைத் தனியே அளந்து காட்ட முயன்றனர். திக்கிக்கொண்டே தன்னியல்பாகப் பேசுவோர் உண்டு, ஒருமுறையும் திக்காமல் ஒவ்வொரு சொல்லையும் கணக்கிட்டே பேசுவோரும் உண்டு. இதனால் மென்தொடக்கமும் நீட்டலும் வேண்டாதவை ஆகிவிடா. நீதிமன்றத்தில் வாதிடும் நாளன்று அவற்றைக் கைக்கொண்டு, வீட்டில் விட்டுவிடும் வழக்கறிஞர் தம் நாவுக்குத் தாமே எசமானராக இருக்கிறார். அவற்றை வைக்க இயலாமல் சுமந்துகொண்டே திரிபவர் அவ்வாறு இல்லை.

இந்த வேறுபாடு வெறும் கருத்தளவில் நிற்பதன்று என்பதைச் சிகிச்சையின் பயனை அளக்கும் முறையில் காணலாம். நூறு அசைக்கு எத்தனை அசைகளில் திக்கல் நிகழ்கிறது என்று எண்ணுவது நெடுங்கால வழக்கம். மறைத்துத் திக்கும் ஒருவர் சிகிச்சைக்கு வரும் முதல் நாளில் அந்த எண்ணிக்கை ஏறத்தாழச் சுழியாக இருக்கும். அடைக்கும் சொற்களையெல்லாம் அவர் மாற்றிவிட்டார் அல்லவா? சில மாதங்கள் கழித்து, காபி வேண்டும்போது காபி என்றும், பெயர் கேட்கப்படும்போது தம் பெயரையும் அவர் சொல்லத் தொடங்கும்போது, எண்ணிக்கை உயர்ந்துவிடுகிறது; அந்த அளவுகோலின்படி சிகிச்சை அவரைக் கெடுத்துவிட்டது. ஸ்காட் யாரஸும் ராபர்ட் குவெசலும் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட மதிப்பீட்டுப் படிவம், திக்கல் ஒருவருடைய அன்றாடப் பேச்சையும் உணர்வுகளையும் வாழ்க்கைத் தரத்தையும் எவ்வளவு சுருக்குகிறது என்று அவரிடமே கேட்கிறது; அதன்படி அதே மனிதர் தேறியவர். எந்தப் படிவத்தை மேசை மீது எடுத்து வைப்பது என்பதைச் சிகிச்சையாளர் முதல் அமர்விலேயே தீர்மானித்துவிட நேர்கிறது. பெரும்பாலும், எதிரில் அமர்ந்திருப்பவரை அதுபற்றிக் கேட்காமலே.